கண்டென்சர் மைக் வாங்க முதல் ஜன்னலை ஒருக்கா மூடிப் பாருங்க

மாதத்துக்கு ரெண்டு பேராவது எங்களிடம் கேட்கிற கேள்வி இது: "மச்சான், வோக்கல் எடுக்க எந்தக் கண்டென்சர் நல்லம்?" கேட்கிறவருக்குப் பதினெட்டு இருபது வயது இருக்கும். வீடு கிராண்ட்பாஸில், இல்லையென்றால் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கம். கையில் எழுதி முடித்த பாட்டு நாலைந்து இருக்கும். பாடிப் பதிவு செய்தது ஒன்றும் இருக்காது. ஏன் என்று கேட்டால் பதில் ரெடி: மைக் இன்னும் வாங்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிராக எழுதப்படுகிறது. கேட்டவங்க கோவிக்க வேணாம். நாங்களும் அதே கேள்வியைக் கேட்டு, காசு கொடுத்து, மாட்டுப்பட்டவங்கதான்.

எங்கள் தோட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள். (தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்கிற வெளியூர்க்காரருக்கு: கிராண்ட்பாஸில் தோட்டம் என்பது முதுகோடு முதுகு ஒட்டின நாற்பது வீடு, ஒரு பொதுக் குழாய், ஆட்டோ திருப்ப ஏலாத ஒரு பாதை.) சின்ன வயதிலிருந்து கோயில் பாடகர் குழுவில் பாடினவள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற தொண்டை. அவளுடைய அம்மா சீட்டுப் பிடித்து, அந்தச் சீட்டுக் காசில் எழுபதாயிரத்துக்குக் கிட்ட கொடுத்து ஒரு கண்டென்சர் மைக் வாங்கிக் கொடுத்தார். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றி அறுபதுக்குப் போன பிறகு, 2024இல் வற் வரி 18 வீதமான பிறகு வாங்கின சாமான். கடைக்காரர் பெட்டியைத் தடவித் தடவிக் காட்டினார். "இது எடுத்தீங்கன்னா ஸ்டூடியோ சவுண்ட்."

முதல் நாள் பின்னேரம் நாலரைக்குப் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால் பக்கத்து வீட்டு மிக்ஸி, மேல் வீட்டு நாற்காலி இழுக்கிற சத்தம், பிள்ளைகளை இறக்குகிற ஸ்கூல் வேனின் ஹோர்ன். எல்லாவற்றுக்கும் மேலே சூன் பாண் ஆட்டோ, பீத்தோவனின் 'ஃபர் எலிசே'யைப் போட்டுக்கொண்டு வந்து சரியாக அனுபல்லவியில் நின்றது. ஃபேனை நிறுத்தினால் தகரக் கூரைக்குக் கீழே அவளுக்கு மூச்சு முட்டியது. நிறுத்தாவிட்டால் ஃபேன் பாடியது.

அதனால் இரவுக்கு மாறினாள். ஒரு மணிக்குப் பிறகுதான் தோட்டம் அடங்கும். மூன்று மணிக்கு அப்பா எழும்பி பேலியகொடை மார்க்கெட்டுக்குப் போகவேணும். இடையில் கிடைக்கிறது ரெண்டு மணித்தியாலம். அந்த ரெண்டு மணித்தியாலத்திலும் சத்தமாகப் பாட ஏலாது, சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. மெதுவாகப் பாடினாள். மைக்குக்கு அது போதும், அதற்கு மூச்சே கேட்கும். ஒரு வருஷம் அப்படிப் போனது. போன ஈஸ்டருக்குக் கோயிலில் பாட எழும்பினவளுக்கு மேல் ஸ்வரத்துக்குக் குரல் போகவில்லை. "எனக்குக் கத்திப் பாட வெக்கமா இருக்கு" என்றாள். எழுபதாயிரம் ரூபா மைக் ஒன்று அவளுடைய குரலைத் தனக்கேற்ற மாதிரி வெட்டிச் சின்னதாக்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கண்டென்சர் மைக்கின் உள்ளே இருப்பது பொன் பூசின மெல்லிய ஒரு சவ்வு. அதற்குப் பின்னால் ஒரு உலோகத் தட்டு. ரெண்டுக்கும் இடையில் மின்சாரத்தைத் தேக்கி வைத்தால், சத்தம் பட்டு சவ்வு அசையும்போது மின்னழுத்தம் மாறும். 1916இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட் செய்தது இதுதான். அந்த மின்சாரத்துக்காகத்தான் ஓடியோ இன்டர்பேஸில் 48 வோல்ட் பட்டனை அமத்துகிறோம். டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒரு செப்புக் கம்பிச் சுருளும் ஒட்டியிருக்கும், சேர்ந்து அசையும். பாரம் கூட. அதனால் மிக மெல்லிய, மிக வேகமான அசைவுகளைக் கண்டென்சர் பிடிக்கிற அளவுக்கு அது பிடிக்காது. ஷூர் எஸ்எம் 58 சுமார் 15 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும், நல்ல கண்டென்சர் 20 வரைக்கும். இது உண்மையான வித்தியாசம், நான் மறுக்கவில்லை. நல்ல அறையில் நியூமன் யு 87 முன்னால் ஒருவர் முணுமுணுத்தால் உதடு பிரிகிற சத்தமே அழகாக இருக்கும்.

'நல்ல அறையில்' என்பதைத்தான் விளம்பரம் விழுங்கிவிடுகிறது.

ரோட் என்டி1 மைக்கின் சொந்த இரைச்சல் 4.5 டெசிபெல் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டு விற்றார்கள். அருமையான எண். நான் எங்கள் வீட்டு நடு அறையில், இரவு ரெண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு போன் ஆப்பில் பார்த்தேன்: 42. ஆப்பை முழுசா நம்ப ஏலாதுதான், ஒரு நாலைந்து பிழைக்கட்டும். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் சக்தி பத்து மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் அந்த மைக்கின் இரைச்சலை விட என் அறையின் இரைச்சல் ஐயாயிரம் மடங்குக்கு மேல். இதில் 4.5 மைக்குக்கும் 18 மைக்குக்கும் வித்தியாசம் பார்த்து இருபதாயிரம் ரூபா கூடக் கொடுப்பது, கடலுக்குள் நின்றுகொண்டு குடை தெரிவு செய்கிற வேலை.

இதைச் சொன்னவுடன் இன்னொரு கூட்டம் வரும். "அப்ப டைனமிக் வாங்கு, அது வெளிச்சத்தத்தை எடுக்காது." இதுவும் பிழை. எந்த மைக்குக்கும் உங்கள் குரல் எது, சூன் பாண் எது என்று தெரியாது. ஒரே தூரத்தில், ஒரே திசைவடிவத்தில் வைத்து, குரலை ஒரே அளவுக்குக் கூட்டினால், பின்னால் வரும் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். டைனமிக் தப்பித்துக்கொள்வதற்குக் காரணம் அதை நாங்கள் வாயோடு ஒட்டிப் பிடிப்பது. கண்டென்சரை யூடியூபில் பார்த்தபடி ஒரு அடி தள்ளி ஸ்டாண்டில் வைத்து, முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும், அறைச் சத்தம் இருந்த இடத்தில் இருக்கும். 30 சென்ரிமீற்றரிலிருந்து ஏழரைக்கு வந்தால் 12 டெசிபெல் லாபம். சதம் செலவில்லை. எஸ்எம் 58 அந்தக் கிட்டத்துக்கென்றே செய்தது. 'ப', 'த' வெடிக்கிறதைத் தாங்கப் பந்து வலை இருக்கு, கிட்டப் போனால் அடிக்குரல் வீங்குமென்று கீழ்ப்பகுதியை முன்கூட்டியே குறைத்திருக்கிறார்கள். கண்டென்சர் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதைச் செய்யலாம்: பொப் ஃபில்டர் போட்டு, கெயினைக் குறைத்து, லோ கட் போட்டு, ஒரு சாண் தூரத்துக்குள் வாங்க.

அடுத்த ஏமாற்று, மைக்குக்குப் பின்னால் பூட்டுகிற அரைவட்ட ஸ்பஞ்சுக் கேடயம். கார்டியொயிட் மைக் தன் முதுகுப் பக்கத்தைத்தான் ஆகக் குறைவாகக் கேட்கிறது. அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களை, உங்களுக்குப் பின்னால் இருக்கிற வெறும் சுவரை. உங்கள் முகத்திலிருந்து போகிற சத்தத்தில் கொஞ்சத்தைக் கேடயம் பிடிக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் துணி தொங்கவேண்டிய முதல் இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால். வீட்டில் சாரி நிறைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். தும்பு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும். ஒரு அங்குல ஸ்பஞ்சுத் துண்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டினால் உயர் ஒலி மட்டும் செத்து, அறை பெட்டிக்குள் பேசுகிற மாதிரி மூச்சடைக்கும். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலை மூன்றரை மீற்றர் நீளம். அதை ஒரு அங்குலம் என்ன செய்யும்? புதுப் பிளட்களுக்கு மாறினவங்களுக்கு இது இன்னும் மோசம். கொங்கிரீட்டும் டைல்ஸும், கை தட்டினால் 'டிர்ர்ர்' என்று திருப்பித் தரும்.

ஈரப்பதம் பற்றி ஒரு வரி. களனி கங்கைக்கு இந்தப் பக்கம் காற்று எப்பவும் நனைந்தது. கண்டென்சர் ஈரம் பிடித்தால் 'பட் பட்' என்று பொரியும். பாவித்து முடிந்ததும் சிலிக்கா பைக்கட்டோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

"பிலி ஐலிஷ் படுக்கையறையில பாடினவதானே?" என்று கேட்பீர்கள். பாடினார். 2019இல் வந்த அந்த அல்பத்துக்கு அண்ணன் ஃபினியஸ் வைத்திருந்தது நியூமன் டிஎல்எம் 103, கண்டென்சர்தான். அவருடைய குரல் கிசுகிசுப்பது, அது அவர் தெரிவு செய்த பாணி. எங்கள் பெண்ணின் கிசுகிசுப்புக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை காரணம். ரெண்டையும் ஒரே தட்டில் வைக்காதீங்க.

மறுபக்கமும் பாருங்கள். 1982ஆம் வருஷம். லொஸ் ஏஞ்சலிஸில் உலகத்தின் எந்த மைக்கையும் வாங்கக்கூடிய ஸ்டூடியோவில், மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்' குரல்களுக்கு ஒலிப்பதிவாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் எடுத்தது ஷூர் எஸ்எம் 7, டைனமிக். அதே வருஷம் ஜனவரியில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் நியூஜேர்சியில் வாடகை வீட்டுப் படுக்கையறையில், நாலு ட்ராக் கசெட் மெஷினில், ரெண்டு எஸ்எம் 57ஐ வைத்துச் சும்மா மாதிரிக்காகப் பாடி வைத்தார். பிறகு பாண்டோடு ஸ்டூடியோவில் திரும்பவும் பண்ணிப் பார்த்தார், சரிவரவில்லை. அந்தக் கசெட்தான் 'நெப்ராஸ்கா' அல்பமாக வந்தது. இதைச் சொன்னவுடன் எஸ்எம் 7பி வாங்க ஓட வேணாம். அதன் சத்தம் மிகக் குறைவு, மலிவு இன்டர்பேஸ் அதைத் தூக்கிப் பிடிக்காது, பிறகு அதற்கொரு பூஸ்டர் என்று செலவு தொடரும். கல்யாண வீட்டு பாண்ட் அண்ணாமாரிடம் எஸ்எம் 58 இரவலுக்குக் கேளுங்கள். வாங்குவதென்றால் போலி பார்த்து வாங்குங்கள், உலகத்திலேயே அதிகம் கள்ளப் பிரதி எடுக்கப்படுகிற மைக்குகளில் அதுவும் ஒன்று.

எனக்கு உண்மையில் கோபம் எங்கே என்றால், இந்தச் சந்தை எங்கள் பிரச்சினையைத் தனித்தனியாகப் பிரித்து விற்கிற இடத்தில். அந்தக் காலத்தில் மைக்கும் அறையும் ஒரே இடத்தில், வானொலி நிலையத்தில், இருந்தது. உள்ளே போக ஓடிஷன், தரம் பிரிப்பு, ஆளைத் தெரிந்திருக்கவேணும். இப்போது மைக் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. உங்கள் பொக்கெட்டில் இருக்கிற போனுக்குள்ளேயே அதே தத்துவத்தில் வேலை செய்கிற குட்டி மைக் இருக்கு. அமைதியான அறை மட்டும் எங்கள் கைக்கு வரவேயில்லை. எங்கள் ஒரு தோட்டத்தில் மட்டும் நாலு பேரிடம் கண்டென்சர் இருக்கு. நாலும் சேர்த்தால் ரெண்டரை இலட்சத்துக்குக் கிட்ட. பாடக்கூடிய அறை ஒன்றும் இல்லை. அதே நேரம் பாடசாலை இசை அறைகள் ரெண்டு மணிக்குப் பூட்டுப்படுகின்றன. கோயில் மண்டபங்கள், வாசிகசாலை மேல்மாடி, சனசமூக நிலையங்கள் கிழமை நாட்களில் வெறுமையாகக் கிடக்கின்றன. கிழமைக்கு ரெண்டு பின்னேரம் சாவியைத் தாங்க என்று பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் தராமல் விடுவார்களா? விடலாம். கேட்டுப் பார்த்தோமா? 'எந்த மைக் நல்லம்' என்று கேட்ட அளவுக்கு 'யாரிட்ட சாவி இருக்கு' என்று நாங்கள் ஒரு தரமும் கேட்கவில்லை.

அந்தப் பெண் போன மாதம் திரும்பப் பாடினாள். பின்னேரம் ஐந்து மணி, இரவல் எஸ்எம் 58, பின்னால் அம்மாவின் சாரி அலுமாரி, உதடு வலையில் முட்டுகிற தூரம். முழுத் தொண்டையில். முதல் தரம் மேல் ஸ்வரம் உடைந்தது, மூன்றாம் தரம் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டினார், ஏச்சென்று நினைத்தோம், இன்னொருக்காப் பாடச் சொன்னார். முடிவில் ஐந்து செக்கன் சூன் பாண் கேட்கிறது, அழிக்கவில்லை.

கண்டென்சர் சும்மாதான் இருக்கு, சிலிக்கா பைக்கட்டோடு அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் யாரிடமாவது ஒரு மண்டபத்தின் சாவி இருந்தால் சொல்லுங்க. மைக்கை நாங்கள் கொண்டு வாறம்.