கடலில் 110 கி.மீ. காற்று... மதுரையில் எவ்வளவு?

புயல் சின்னம் உருவானாலே மதுரை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: "110 கி.மீ. வேகமாம், நமக்கும் வருமா?"

அந்த எண் மதுரைக்கானது அல்ல. புயல் மையத்தை ஒட்டி, 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் 3 நிமிட சராசரியைத்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. நடுக்கடலில் மிதவைகள் சில உண்டு. மற்றபடி பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களை வைத்த கணிப்பு. அமெரிக்கத் தளங்கள் 1 நிமிட சராசரி எடுப்பதால், அதே புயலுக்கு அங்கே வேகம் கூடுதலாகத் தெரியும். "உண்மையை மறைக்கிறாங்க"ன்னு ஃபார்வர்ட் பண்ண வேண்டியதில்லை.

கரையேறியதும் கடலின் வெப்பமும் ஈரமும் கிடைக்காமல் புயல் தளரும். அதற்காக உள் மாவட்டங்கள் தப்பித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் வழியாகக் கேரளா பக்கம் போனது. கடலே இல்லாத கொடைக்கானலில் மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன.

திண்டுக்கல் மதுரைக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் புயல் நேரத்தில் தலைப்பில் வருவது கடலோர வேகம் மட்டுமே (தமிழ் ஊடகங்கள் எல்லாமே இதில் ஒண்ணுதான்). சோழவந்தானில் வாழை போட்டவருக்கு அது எதற்கு? அவர் தோட்டத்தைச் சாய்ப்பது 'இடையிடையே' என்று அறிக்கையில் ஒரே சொல்லில் கடந்துபோகும் சூறை வீச்சு. அவர் ஊரில் அது எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைத்தான் முதல் வரியில் போட வேண்டும்.