ஏணை ஆடும் வீட்டில் செபமாலை



ஐப்பசி பிறந்துவிட்டால் வடபுலத்து வானம் கறுக்கத் தொடங்குகிறது. நம் மண் ஆண்டு முழுவதும் காத்திருந்த மழையின் பெரும்பகுதி, ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பொழிந்துவிடுகிறது. திருச்சபைக்கும் இது செறிவான காலம். ஒக்டோபர் செபமாலை மாதம். நவம்பர் மரித்த ஆன்மாக்களின் மாதம். அதனை அடுத்து வருவது திருவருகைக் காலம்.

இந்நாள்களில் கைக்குழந்தை உள்ள ஓர் இளம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முற்றத்தில் வெயில் இல்லை. பிள்ளையின் துணிகள் விறாந்தைக் கொடியிலும் காய மறுக்கின்றன. சளியினால் மூக்கடைத்த பிள்ளை பால் குடிக்க முடியாமல் சிணுங்குகிறது. தாய் ஒரே இரவில் மூன்று, நான்கு முறை எழுகிறாள். தந்தை மழையில் நனைந்து வேலையால் திரும்பும்போது அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. மாலைச் செபத்திற்கு ஆலய மணி ஒலிக்கும் வேளையில்தான் பிள்ளை உறக்கத்திற்கு அழுகிறது. ஏணையை ஆட்டும் கை செபமாலையை எடுக்க மறந்துபோகிறது. ஒரு கிழமை இவ்வாறு கழிகிறது. பின்னர் ஒரு மாதம். ஞாயிறு திருப்பலியும் மெல்ல விடுபடுகிறது. "பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருவரும் தமக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கின்றனர்.

இந்தப் "பிறகு" என்ற சொல்லே நாம் கவலைகொள்ள வேண்டியது. பிறந்த முதற் கிழமைகளிலேயே குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கப் பெற்றோர் முன்வர வேண்டும் என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. வெளிநாட்டு உறவினர் வரும்வரை, மண்டபம் கிடைக்கும்வரை என்று நாமோ அதனையும் பிற்போடுகிறோம். திருமுழுக்கு பிற்போகிறது, செபமும் பிற்போகிறது. பிற்போட்டவை யாவும் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தாமாகத் திரும்பி வந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கைவிட்ட பழக்கத்தை மீண்டும் தொடங்குவது, முதன்முறை தொடங்குவதிலும் கடினமானது.

ஆயினும் இதற்கான பழியை அந்த இளம் பெற்றோர்மீது மட்டும் சுமத்துவது நீதியாகாது. குழந்தை பிறந்த வீட்டில் செபம் நின்றுவிடுவதில்லை; அதன் வடிவமே மாறுகிறது. மாறிய வடிவத்தை அவர்களும் அடையாளம் காண்பதில்லை, நாமும் காண்பதில்லை.

ஒக்டோபர் மாதத்தைச் செபமாலை அன்னைக்கு உரியதாக்கியவர் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர். அது 1883ஆம் ஆண்டில். புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2002ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுதிய திருமடலில், செபமாலை குடும்பத்தின் செபம் என்பதனை மீண்டும் வலியுறுத்தினார். அச்செபமாலையின் மகிழ்ச்சி மறையுண்மைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். கபிரியேல் தூதரின் மங்கள வார்த்தை, எலிசபெத்தம்மாளைச் சந்தித்தல், இயேசுவின் பிறப்பு, ஆலயத்தில் காணிக்கையாக்குதல் ஆகிய நான்கும், ஒரு தாய் கருவுற்ற நாளிலிருந்து பிள்ளையின் நாற்பதாம் நாள் வரைக்குள் அடங்குகின்றன. செபமாலை ஒரு கைக்குழந்தை வீட்டின் கதையோடுதான் தொடங்குகிறது. அதனை அத்தகைய வீட்டுக்கே பொருந்தாத செபம் என்று எண்ணுவது எவ்வளவு முரணானது!

பழைய ஏற்பாட்டில் அன்னா என்னும் பெண்மணி ஒரு பிள்ளைக்காகச் சீலோவின் ஆலயத்தில் கண்ணீர் சிந்தி மன்றாடினாள். சாமுவேல் பிறந்தபின், கணவர் எல்கானா வழக்கம்போல் ஆண்டுப் பலிக்காக வீட்டாருடன் புறப்பட்டபோது அவள் உடன் செல்லவில்லை. பிள்ளை பால்குடி மறக்கும்வரை வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். எல்கானா அதனை மறுக்கவில்லை. மறைநூல் அவளைப் பக்தி குறைந்தவளாகச் சித்திரிக்கவும் இல்லை. இஸ்ரயேலின் இறைவாக்கினர் ஒருவர் அவளது பாலினால் வளர்ந்துகொண்டிருந்தார். அதே வேளை, ஆண்டவருக்குத் தான் கொடுத்த வாக்கை அவள் மறக்கவில்லை. பால்குடி மறந்ததும் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆலயத்திற்கு வந்தாள். தங்க வேண்டிய காலத்தில் தங்கியதும், வர வேண்டிய காலத்தில் வந்ததும் அவளது பக்தியே.

நமக்கு நெருங்கிய காலத்திலும் சான்று உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் திருநாளோடுதான் ஒக்டோபர் தொடங்குகிறது. அவரின் பெற்றோரான லூயி மார்ட்டினும் செலியும் 1858ஆம் ஆண்டு பிரான்சின் அலான்சோன் நகரில் திருமணம் செய்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த 9 பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். செலி பின்னல் சரிகைத் தொழில் நடத்திக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தார். 1873 ஜனவரியில் பிறந்த தெரேசாள் நோயுற்று மெலிந்தபோது, தாயால் பாலூட்ட இயலாத நிலையில், குழந்தை ஓராண்டுக்கு மேலாக நாட்டுப்புறத்துச் செவிலித்தாய் ஒருவரிடம் வளர்ந்தது. இத்தனை அலைக்கழிவுகளுக்கு நடுவில் வாழ்ந்த இவ்விருவரையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஒக்டோபர் 18ஆம் நாள் புனிதர்களாக உயர்த்தினார். தம்பதியராக ஒன்றாகப் புனிதர் நிலை பெற்றவர்களுள் இவர்களே முதல்வர்கள். அமைதி நிலவும் வீட்டில்தான் புனிதம் வளரும் என்று எண்ணுவோர் இவ்வீட்டை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி, பங்குச் சமூகத்தின் மூத்தோருக்கு ஒரு சொல். திருப்பலியில் பிள்ளை அழுததும் திரும்பிப் பார்க்கிறோமே, அந்தப் பார்வையே சில தாய்மாரை மாதக்கணக்கில் ஆலயத்தைவிட்டு விலக்கி வைத்திருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கியபோது, குழந்தைகளின் ஓசையை அழகான பாடகர் குழுவுக்கு ஒப்பிட்டார். பிள்ளைக்குப் பசித்தால் தயங்காது பாலூட்டுமாறு தாய்மாரிடம் சொன்னார். அத்துணை புகழ்பெற்ற ஆலயத்தில் பிள்ளையின் பசிக்கு முதலிடம் உண்டென்றால், நம் ஊர் ஆலயத்தில் ஏன் இல்லை? அமைதியாகச் செபிக்க விரும்புவோரின் உரிமையும் மதிக்கத்தக்கதே. அழுகை நீடித்தால் வெளியே சென்று வருவதா என்பதைப் பெற்றோரே அறிவர். அதனை நம் புருவங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. பக்கவாசலருகே இரண்டு ஆசனங்களை அவர்களுக்கென ஒதுக்கலாம். மழையில் குடை பிடித்து உள்ளே அழைத்து வரலாம். அன்பியத்தார் அவ்வீட்டிற்குச் சென்று, பத்து மணிகளை மட்டும் சொல்லி, கால் மணி நேரத்தில் எழுந்து வரலாம். போகும்போது சரக்கு அரைத்துக் காய்ச்சிய கறி ஒரு சட்டி கொண்டு போனால், அதுவும் செபமே.

தந்தையருக்கும் ஒரு சொல் உண்டு. புனித சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட நற்செய்தியில் இல்லை. ஆனால் அவர் இரவிலே எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிச் சென்றதை மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். இரவிலே எழுவது தாயின் கடமை மட்டுமே என்று எண்ணும் ஆண்மகன், சூசையப்பரின் படத்திற்கு விளக்கேற்றி என்ன பயன்?

பிள்ளை பெற்றபின் சில தாய்மாரைக் காரணமின்றி அழுகையும், உறக்கமின்மையும், வெறுமையும் கிழமைக்கணக்கில் வாட்டுவதுண்டு. இது விசுவாசக் குறைவு அன்று. மருத்துவம் தேவைப்படும் நோய். "செபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிற்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மனந்திறந்து சொல்லுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவளுக்காகவும் அவளருகில் இருந்தும் செபியுங்கள்.

இப்பத்தியை வாசிக்கும் அம்மம்மாமார், அப்பம்மாமார் பலரின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறக்கின்றனர். அங்கே இது இலையுதிர்காலம். மாலை விரைவாக இருண்டுவிடுகிறது. பிள்ளையைச் சற்று வாங்கி வைத்திருக்க அயலில் உறவினர் இல்லை. தொலைபேசியில் அழைத்ததும் "செபமாலை சொன்னீர்களா?" என்று விசாரணை செய்யாதீர்கள். "மகளே, நித்திரை கொண்டாயா?" என்று முதலில் கேளுங்கள். பின்னர், அவள் பிள்ளையை உறங்க வைக்கும்போது, இங்கிருந்தே பத்து மணிகளை நீங்கள் சொல்லுங்கள். அவள் மறுமொழி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், பிள்ளையும் கேட்கும்.

இளம் பெற்றோரே, ஐம்பத்து மூன்று மணிகளும் முடியாவிட்டால் பத்துச் சொல்லுங்கள். ஏணையை ஆட்டும் நேரத்துக்குள் அது அடங்கிவிடும். பத்தும் முடியாத இரவில், திருமுழுக்கு நாளில் நீங்கள் செய்ததுபோல, பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். நவம்பர் 2ஆம் நாள் மழை விட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குச் சென்று, பூட்டனின் கல்லறையில் ஒரு திரி ஏற்றுங்கள். சிறிதாகச் செய்யுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

நாசரேத்தூர் வீட்டில் பிள்ளையின் அழுகையும் அன்னையின் செபமும் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன. நம் வீடுகளிலும் அவ்வாறே ஒலிக்கத் திருக்குடும்பத்தின் இறைவன் அருள்புரிவாராக.