பழைய கேமிங் பொட்டிக்கு லினக்ஸ்: போடலாமா, கூடாதா?

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் பக்கம் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் காலேஜ் பசங்க பல பேரின் பொட்டி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்ததுதான். ஏழாம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 8 ஜிபி ராம். அப்பாவின் தீபாவளி போனஸில் பாதி அதற்குள் இருக்கும். இன்னமும் நன்றாகத்தான் ஓடுகிறது.

ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0-வும் வேண்டுமாம். அதாவது போர்டு, பிராசஸர், இன்றைய மாடலுக்குப் போனால் ராமும் சேர்த்து மாற்ற வேண்டும். நல்லா ஓடுற வண்டியை எதுக்குய்யா எடைக்குப் போடணும்?

இங்கேதான் லினக்ஸ் வருகிறது. நம்ம ஊருக்கு இது புதுப் பெயர் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைச் செய்தது சென்னை சி-டாக். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். சொல்லித்தர ஆள் இல்லை, அதில் கேமும் ஓடவில்லை. லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரை என்ற பயம் மட்டும் தங்கிவிட்டது.

கேம் மேட்டர் 2018 ஆகஸ்டில் மாறியது. வால்வ் கம்பெனி புரோட்டான் என்ற ஒன்றை ஸ்டீமுக்குள் வைத்தது. விண்டோஸ் கேம் டைரக்ட்3டியில் கேட்பதை அது வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கும். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் இதே லினக்ஸில்தான் ஓடுகிறது. விட்சர் 3, எல்டன் ரிங் எல்லாம் ஓடும். ஜிடிஏ 5 கதையும் ஓடும். ஆன்லைன் மட்டும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்தபின் போச்சு.

சரி, கசப்பான விஷயம். வேலரன்ட் ஓடாது. அதன் வான்கார்டு விண்டோஸின் கெர்னலுக்குள் உட்கார்ந்து காவல் பார்க்கிற சாமான்; லினக்ஸுக்கு அது வரவே இல்லை. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். லினக்ஸ் பிரியர்கள் இதைச் சொல்லாமல் மழுப்புவது சரியில்லை. அம்பத்தூரில் நாலு பேர், பூந்தமல்லியில் ஒருத்தன் என்று தினமும் ராத்திரி ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற செட் என்றால், மாறுகிறவன் இழப்பது ஒரு கேமை அல்ல, அந்த செட்டை. "சுதந்திர மென்பொருள்டா" என்று சொன்னால் மற்ற நாலு பேரும் வந்துவிட மாட்டார்கள். அவனுக்கு இரண்டையும் வைத்துக்கொள்வதே உத்தமம்: ஒரு டிஸ்க்கில் விண்டோஸ், வேலரன்டுக்கு மட்டும். நெட் பேங்கிங், மெயில், காலேஜ் வேலை எல்லாம் லினக்ஸில். ஆதரவு போன விண்டோஸில் அம்மாவின் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டுவது மட்டும் வேண்டாம்.

தனியாகக் கதை கேம் ஆடுகிறவர்கள், டோட்டா 2, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்கள் தாராளமாக மாறலாம். இந்த இரண்டும் நேராகவே லினக்ஸுக்கு வருகின்றன. ஆர்ச் போட்டு கெத்து காட்டும் ஆசை மட்டும் வேண்டாம். 1050 டிஐ மாதிரி கார்டுகளுக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் கடைசி. எப்போதும் புதுசையே இழுக்கும் ஆர்ச்சில் அது தலைவலி. மின்ட் போதும். கேம்களைப் பழைய என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்து ஓட்டப் பார்க்காதீர்கள், புரோட்டான் அங்கே மக்கர் பண்ணும்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். சவுண்டு, வைஃபை வருகிறதா என்று தெரிந்துவிடும். வைஃபை டாங்கிள் முரண்டு பிடித்தால் போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் நெட் வரும். டிரைவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.