டாங்கிக்குள் எதற்கு இத்தனை வேலை?

"டரட்டை மூடிவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாதே, அதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?" மாடல் டாங்கி செய்பவர்களே பலர் இப்படிக் கேட்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1941-ம் வருட சோவியத் டி-34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே சரிந்த கவசம், 76 மி.மீ. பீரங்கி; பார்க்கக் கம்பீரம்தான். உள்ளே? டரட் வளையத்தின் விட்டம் 1.42 மீட்டர். நடுவில் பீரங்கியின் பின்பகுதி, இருபுறமும் இரண்டு ஆட்கள். கமாண்டரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். குண்டுகளில் பெரும்பகுதி தரைப் பெட்டிகளில்; அவற்றின் மேல் விரித்த ரப்பர் பாயைப் புரட்டித்தான் லோடர் அடுத்ததை எடுக்க வேண்டும்.

1/16 அளவில் அந்த வளையம் 9 சென்டிமீட்டர்கூட இல்லை. நின்றால் 10 சென்டிமீட்டர் உயரம் வரும் இரண்டு பொம்மைகளை அதற்குள் உட்கார வைத்துப் பாருங்கள். எவ்வளவு நெருக்கம் என்று கைக்கே புரியும்.

தெரியாது என்கிறீர்களா? டரட்டை ஒட்டாதீர்கள்; தூக்கினால் தெரியும். வெளிப்புறத்தை மட்டும் பளபளவென்று செய்து வைப்பது ஆயுதத்துக்கு விளம்பரம். வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள், அதற்குள் நான்கு பேர் அடைந்து கிடந்தார்கள் என்பதையும் பார்க்கட்டும்.