விலையும் மதிப்பும்

நுழையும்முன்

பொருளுக்காக நாம் கொடுப்பது விலை. அப்பொருள் நமக்குத் திருப்பித் தருவது மதிப்பு. இவ்விரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. விளையாட்டுக் கன்சோல் வாங்குவதா, கணினி வாங்குவதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீட்டில் எழும் வழக்கு

பிள்ளை கன்சோல் கேட்கிறான்; பெற்றோர் கணினி வாங்க எண்ணுகின்றனர். சேமிப்போ ஒன்றுக்கு மட்டுமே போதும். ‘விளையாட்டு வீண், கணினியே கல்வி’ என்று தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. ஆனால், இரு பக்கத்தையும் கேளாமல் கூறும் தீர்ப்பு நடுநிலையாகாது.

முதலில் கன்சோலின் பக்கத்தைக் காண்போம். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அதற்கு இணையாக விளையாட்டுகளை இயக்கவல்ல செயலி, வரைகலை அட்டை, நினைவகம் ஆகியவற்றைக்கொண்ட புதிய கணினியை அத்தொகைக்குள் அன்று அமைக்க இயலாது. மேலும், கன்சோலைத் தொலைக்காட்சியுடன் இணைத்தால் போதும். பாகங்களை மாற்றாமலே பல ஆண்டுகள் புதிய விளையாட்டுகள் அதில் இயங்கும். விளையாடுவது ஒன்றே நோக்கமெனில், முதற்செலவில் கன்சோலே மலிவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலிவின் மறுபக்கம்

இம்மலிவுக்குக் காரணம் உண்டு. கருவியில் குறைந்த இலாபத்தையோ இழப்பையோ ஏற்று, பின்னர் விளையாட்டுகளின் விற்பனையில் ஈட்டுவது கன்சோல் நிறுவனங்கள் பலவற்றின் வணிகமுறை. 2006இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3, தொடக்கத்தில் அதன் தயாரிப்புச் செலவைவிடக் குறைவான விலைக்கே விற்கப்பட்டது.

கணக்கிட்டுப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதற்கான பெரிய விளையாட்டுகள் சில 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டன. ஆண்டுக்கு மூன்றெனும் அளவில் ஐந்தாண்டுகள் வாங்கினால் 74,985 ரூபாய் ஆகும். இது கருவியின் விலையைப்போல் ஒன்றரை மடங்கு. இணையவழியில் பிறருடன் விளையாடப் பல விளையாட்டுகளுக்குத் தனிச் சந்தாவும் வேண்டும். கணினிக்கும் பழுதுபார்ப்பு, பாகங்களை மேம்படுத்தல் முதலிய செலவுகள் உண்டு. எனினும், அதில் விளையாட்டுகளைப் பல விற்பனைத்தளங்களில் விலை ஒப்பிட்டு வாங்கலாம்.

திறந்த கதவும் மூடிய கதவும்

பணக்கணக்கைவிட முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. கன்சோலில் எது இயங்கலாம் என்பதை அதனை உருவாக்கிய நிறுவனமே முடிவு செய்கிறது. கணினியிலோ, அதனை வாங்கியவர் தாமே நிரல் எழுதி இயக்கலாம்.

இவ்வேறுபாட்டின் விளைவை இங்கிலாந்து கண்டது. 1981இல் பிபிசி மைக்ரோ, 1982இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஆகிய வீட்டுக்கணினிகள் அங்கு வெளிவந்தன. அவற்றை இயக்கியதும் ‘பேசிக்’ என்னும் நிரல்மொழி ஆணைக்காகக் காத்திருக்கும். விளையாட அமர்ந்த சிறுவர் பலர் நிரல் எழுதவும் கற்றனர். பின்னாளில் அவ்விடத்தைக் கன்சோல்களும், நிரலெழுதத் தூண்டாத கணினிகளும் பிடித்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில விண்ணப்பிப்போரின் எண்ணிக்கையும் நிரலாக்கப் பயிற்சியும் குறைந்துவருவதை எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் உணர்ந்தனர். அக்குறையைப் போக்க அவர்கள் உருவாக்கிய ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி, 2012இல் 35 டாலர் விலையில் வெளிவந்தது.

விளையாட்டே படைப்பாக மாறியதும் உண்டு. கனடாவில் மாணவராக இருந்த மின் லே, ஜெஸ் கிளிஃப் என்பவருடன் இணைந்து, ஹாஃப் லைஃப் என்னும் கணினி விளையாட்டை மாற்றியமைத்து 1999இல் கவுண்டர் ஸ்ட்ரைக்கை உருவாக்கினார். திறந்த கதவு இருந்ததால்தான் ஆடியவர் ஆக்குபவரானார்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஏறத்தாழ 1,700 பிளேஸ்டேஷன் 3 கருவிகளை இணைத்து 2010இல் ஒரு மீத்திறன் கணினியை அமைத்தது. அக்கருவியில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவும் வசதி இருந்ததே இதற்குத் துணையாயிற்று. அதே ஆண்டில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பின்வழி அவ்வசதியைச் சோனி நிறுவனம் நீக்கியது.

முடிவு உங்கள் கையில்

ஒன்றை மட்டுமே வாங்க இயலும் குடும்பம் கணினியையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. காட்சித்தரம் சற்றுக் குறைந்தாலும் எளிய விளையாட்டுகள் அதிலும் இயங்கும்; கட்டுரை எழுதலாம், கணக்கிடலாம், படம் வரையலாம், நிரல் எழுதலாம். ஒருவர் மட்டுமன்றிக் குடும்பம் முழுவதும் பயன்பெறலாம்.

ஆயினும், கணினி வாங்கியதாலேயே அறிவு வளர்ந்துவிடாது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அதே கருவியில் ஒருவர் நிரலாக்கம் கற்கலாம். மற்றொருவர் திரைப்படம் மட்டுமே பார்க்கலாம். பெற்றோர் விலை ஒன்றுதான். பெற்ற மதிப்பு வேறு. விளையாட மட்டுமே பயன்படும் கணினி, விலை கூடிய கன்சோலேயன்றி வேறில்லை.

ஆகவே மாணவர்களே, ‘எது மலிவு?’ என்று கேட்பதோடு நில்லாதீர்கள். ‘இதைக்கொண்டு நான் எதை ஆக்கப்போகிறேன்?’ என்றும் கேளுங்கள். விலையைக் கடை முடிவுசெய்யும். மதிப்பை நீங்களே முடிவுசெய்ய வேண்டும்.