பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது, தாத்தாவுக்கு வரவில்லை

2024 பிப்ரவரி 17-ஆம் தேதி தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டாங்க. துணிக்குச் சாயம் ஏத்துற ரோடமின்-பி அதுல கலந்திருக்குன்னு பரிசோதனையில தெரிஞ்சதுதான் காரணம். புதுச்சேரியில அதுக்கு முன்னாடியே தடை. சேதியைப் பார்த்ததும், "அப்பாடா, இனிமே புள்ளைக்குப் பயமில்லை"ன்னு நான் பூந்தமல்லி கடையில ஜெல்லி மிட்டாய் வாங்கிட்டு வந்தேன். சாயம் போச்சு, சர்க்கரை போகலைங்கறது மண்டையில ஏறலை.

நிலத்துல இருந்து வரும்போதெல்லாம் சட்டைப் பையில ஒண்ணு இருக்கும். பேத்திக்கு அஞ்சு வயசு. சைக்கிள் சத்தம் கேட்டாலே ஓடி வருவா. என்னைப் பார்க்கவா, பையைப் பார்க்கவான்னு நான் யோசிச்சதில்லை. "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு வேற சொல்லிக் கொடுத்தேன். மிட்டாயை விட அதுதான் பெரிய தப்பு.

ஒருநாள் ராத்திரி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பல் டாக்டர் பார்த்துட்டு, கடவாய்ப் பல் ரெண்டும் சொத்தைன்னார். "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்"னேன். "அந்தப் பல்லு பத்து, பதினோரு வயசு வரைக்கும் இருக்கணும் பெரியவரே. யாரு மிட்டாய் வாங்கித் தர்றது?"ன்னார். மருமக தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வெளிய வந்த பிறகு, "விடுங்க மாமா"ன்னு மட்டும் சொன்னா. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எத்தனை மிட்டாய்ங்கறதை விட எத்தனை தடவைங்கறதுதான் பல்லுக்குக் கேடாம். ஒவ்வொரு தடவையும் வாயில இருக்குற கிருமி சர்க்கரையைத் தின்னு அமிலமாக்குது. சுவீடன்ல சனிக்கிழமை மட்டும் மிட்டாய்ங்கற பழக்கம் வந்ததும் இதனாலதானாம். எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னு வெச்சோம். மத்த நாள்ல வீட்டு டப்பாவுல மிட்டாயே கிடையாது. அழுதா கொடுக்கறது, சோறு தின்னா கொடுக்கறது ரெண்டும் நிறுத்தியாச்சு. சோத்துக்கு மிட்டாயைக் கூலியாக் கொடுத்தா, சோறு தண்டனைன்னுதானே புள்ள நினைக்கும்?

வெல்லம்னா பரவாயில்லைன்னு நம்மாளுங்க சொல்வாங்க. விவசாயி நானே சொல்றேன், வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான். கடலை உருண்டையும் ஞாயித்துக்கிழமைக்கே போயிடுச்சு. மத்த நாளைக்குக் கொய்யா, அவிச்ச வேர்க்கடலை, தை மாசம் பனங்கிழங்கு.

மூணாவது நாள் அவ தரையில உருண்டு அழுதப்ப நானே செருப்பு மாட்டிட்டேன், கடைக்குப் போக. வேலியில ஒரு தடவை சந்து விட்டா ஆடு தினமும் அங்கேயே வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாதா? கழட்டி வெச்சுட்டு உட்கார்ந்துட்டேன். புள்ளைங்க அடம் பிடிக்குதுன்னு அம்மாக்களைக் குறை சொல்ற தாத்தா, பாட்டிங்க முதல்ல அவங்க பையைத் துழாவிப் பார்க்கட்டும்.

இப்ப சைக்கிள் சத்தம் கேட்டா இன்னும் ஓடி வர்றா. பையைத் தொட்டுப் பார்த்துட்டு, "இன்னைக்கு என்ன கிழமை தாத்தா?"ங்கறா.