பெரிய இஞ்சின் மட்டும் போதுமா?

சின்ன கார், பெரிய இஞ்சின். ரேஸ் கார் செய்ய ஆசைப்படும் பலருக்கும் முதலில் தோன்றும் கணக்கு இதுதான். எடை குறைந்து சக்தி கூடினால் கார் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஷெல்பி கோப்ராவின் கதையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்தவர் கரோல் ஷெல்பி. 1959-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஜெயித்தவர். இதய நோயால் பந்தயத்தை விட்ட பிறகு, சொந்தமாகக் கார் செய்ய நினைத்தார். தொழிற்சாலை கிடையாது, பெரிய முதலீடும் கிடையாது. அப்போது இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் 'ஏஸ்' என்ற சின்ன காரைச் செய்துவந்தது. அதற்கு 2 லிட்டர் இஞ்சின் கொடுத்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தப் போனது. அமெரிக்காவிலோ ஃபோர்டிடம் புதிய வி8 இஞ்சின் இருந்தது. இரண்டையும் ஷெல்பி சேர்த்துவைத்தார். 1962-ல் கோப்ரா பிறந்தது!

அந்த இஞ்சின் 4.2 லிட்டர், பழையதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் மெல்லிய சுவர்களோடு வார்க்கப்பட்டதால் அளவுக்கு எடை குறைவு. அப்படியிருந்தும் காரின் சட்டத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. டிஃபரன்ஷியலையும் வலுவானதாக மாற்றினார்கள். சக்தியைத் தாங்க உடம்பு வேண்டாமா?

பிறகு இஞ்சின் 4.7 லிட்டர் ஆனது. ஆனாலும் லெ மானின் நீண்ட நேர்சாலையில் ஃபெராரியைப் பிடிக்க முடியவில்லை. காரணம் காற்று. மேல்கூரை இல்லாத கார் காற்றோடு மல்லுக்கட்டியே சக்தியை இழந்தது. பீட் பிராக் என்ற இளைஞர் அதே இஞ்சினுக்கு, காற்றைக் கிழித்துப் போகும் மூடிய உடலை வடிவமைத்தார். அதுதான் டேடோனா கூப். மொத்தமே 6 கார்கள். 1964-ல் லெ மானில் ஜி.டி. பிரிவில் முதலிடம், 1965-ல் ஜி.டி. உலக சாம்பியன்ஷிப்!

அதே 1965-ல் 7 லிட்டர் கோப்ராவும் வந்தது. விதிப்படி தேவையான எண்ணிக்கையில் கார்கள் தயாராகாததால், அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பில் அதற்கு இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், கோப்ரா என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த 7 லிட்டர் கார்தான். பட்டத்தை வாங்கித் தந்ததோ 4.7 லிட்டர் கார்.

கையிலிருக்கும் காசையெல்லாம் இஞ்சினிலேயே கொட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சட்டம், பிரேக், காற்று மூன்றையும் மறந்தால் வளைவில் பறிபோவது பந்தயம் மட்டுமல்ல, ஓட்டுபவரின் உயிரும்தான்.